அண்டை வீட்டாரை நம்பிய வங்கியாளர்

கடனில்லாக் கஞ்சி கால் வயிறு போதும் என்பது நம் பெரியோர் கண்டறிந்த உண்மை. ஆனால் அந்தக் கால் வயிற்றுக் கஞ்சிக்கும் வழியற்ற நாள் ஒன்று ஏழையின் இல்லத்திற்கு வந்துவிடுகிறது. வீட்டுத் தலைவன் நோயில் விழுகிறான். ஆலையில் வேலை நிற்கிறது. விதைப்புக் காலம் வந்தும் விதை வாங்கக் கையில் பணமில்லை. அந்நாளில் அவன் எவருடைய கதவைத் தட்டுகிறானோ, அதைப் பொறுத்தே அவன் குடும்பத்தின் பிற்காலம் அமைகிறது. வட்டிக்காரரின் கதவு எப்போதும் திறந்திருக்கும். பெரிய வங்கியின் கதவோ அவனுக்குத் திறப்பதில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவது கதவொன்றைத் தம் ஊரில் திறந்து வைத்தவர், கனடா நாட்டைச் சேர்ந்த அல்போன்ஸ் தெஜார்தேன். செல்வத்தில் பிறவாத, ஊர்த் தலைவர் பதவி எதையும் வகியாத ஒரு கத்தோலிக்கக் குடும்பத் தலைவர் அவர். அவருடைய வரலாறு நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றாகும்.

ஊரும் மனிதரும்

கனடாவின் கியூபெக் மாநிலத்திலே புனித லாரன்ஸ் ஆறு பெருகி ஓடுகிறது. அதன் வடகரையில் மாநிலத் தலைநகரான கியூபெக் மாநகரம். எதிரே, தென்கரையில், லெவி என்னும் சிறு நகரம். பிரெஞ்சு மொழி பேசும் கத்தோலிக்க மக்கள் நிறைந்த ஊர் அது. அவ்வூரிலே 1854-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் அல்போன்ஸ் பிறந்தார். பதினைந்து குழந்தைகள் பிறந்த குடும்பத்தில் அவர் எட்டாமவர். வறுமை என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்த செய்தியன்று. வீட்டிற்குள்ளேயே கண்டறிந்த உண்மை.

லெவி கல்லூரியில் சில ஆண்டுகள் கற்றபின், இளமையிலேயே பிழைப்பைத் தேடிப் புறப்பட்டார். செய்தித்தாள்களில் எழுதினார். மாநிலச் சட்டமன்ற விவாதங்களைத் தொகுத்து 1879 முதல் பத்தாண்டுகள் வெளியிட்டார். 1891-இல் தம் ஊரிலேயே ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். அது சில திங்களுக்குள் நின்று போயிற்று. அடுத்த ஆண்டு, நாட்டின் தலைநகரான ஒட்டாவாவில், நாடாளுமன்ற மக்களவையின் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளராக வேலை கிடைத்தது. ஆண்டுதோறும் மன்றம் கூடும் மாதங்களில், வீட்டை விட்டு நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்து, பிறர் பேசுவதை எழுதிக் கொண்டிருப்பதே அவர் தொழில். இந்த வேலையில் 1917 வரை அவர் இருந்தார்.

1879-இல் சொரேல் என்னும் ஊரில் தொரிமேன் என்னும் நங்கையை அவர் மணந்தார். இறைவன் அவர்களுக்குப் பத்துக் குழந்தைகளை அருளினார். இந்த அம்மையாரின் பெயரை வாசகர்கள் மனத்தில் இருத்திக் கொள்ள வேண்டும். வங்கியின் வரலாற்றில் பாதி அவருடையது.

நூற்றைம்பது டாலரும் ஐயாயிரம் டாலரும்

1897-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள். மக்களவையில் மைக்கேல் குவின் என்னும் உறுப்பினர், கொடு வட்டியைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென்று பேசினார். மான்ட்ரியால் நகரத்து மனிதர் ஒருவரின் நிலையை எடுத்துக் காட்டினார். அம்மனிதர் பெற்ற கடன் 150 டாலர். அதற்கு அவர் கட்ட வேண்டிய வட்டியென்று நீதிமன்றம் விதித்த தொகையோ 5,000 டாலர்!

அவையிலே இருந்த உறுப்பினர் பலர் இதைக் கேட்டிருப்பர், வியந்திருப்பர், மறந்துமிருப்பர். அதைக் கேட்ட சுருக்கெழுத்தாளரால் மட்டும் மறக்க இயலவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. இக்கொடுமைக்குச் சட்டத்தின் தடை மட்டும் மருந்தாகாது என்பதை அவர் உணர்ந்தார். வட்டிக்காரரைச் சட்டம் விரட்டிவிடலாம். ஆனால் ஏழைக்கு அவசரத்திற்குக் கடன் தருவார் வேறெவரும் இல்லையென்றால், முன்வாசலில் விரட்டப்பட்டவர் பின்வாசல் வழியே திரும்பி வருவார். ஆகவே நேர்மையான கடன் கிடைக்கும் இடமொன்று வேண்டும். அவ்விடத்திற்குப் பணம் எங்கிருந்து வரும்?

நாடாளுமன்ற நூலகத்தில் அவர் விடை தேடினார். ஹென்றி வுல்ஃப் என்னும் ஆங்கிலேயர், ஐரோப்பாவின் மக்கள் வங்கிகளைப் பற்றி எழுதிய நூல் கைக்குக் கிடைத்தது. ஜெர்மனி நாட்டில் ரெய்ஃபைசன் என்பார் சிற்றூர் உழவர்களுக்காகவும், இத்தாலியில் லுசாத்தி என்பார் நகரத்துச் சிறு தொழிலாளருக்காகவும் நிறுவிய கூட்டுறவு வங்கிகளின் முறைகளை அவர் அறிந்தார். 1898-இல் வுல்ஃபுக்கே கடிதம் எழுதினார். அவர் வழியாக ஐரோப்பிய கூட்டுறவுத் தலைவர்களின் முகவரிகளைப் பெற்று, அவர்களுக்கும் எழுதினார். விதிகளை ஒப்பு நோக்கி, தம் ஊருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று மூன்றாண்டுகள் ஆராய்ந்தார். உள்ளம் உருகியவுடன் ஓடிச் சென்று ஏதோ ஒன்றைத் தொடங்கிவிடவில்லை. பிறருடைய பணத்தைக் கையில் ஏற்கப் போகிறவனுக்கு இரக்கத்தோடு அறிவும் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், தொழிலாளரின் நிலைமையைப் பற்றி உலகத்தைச் சிந்திக்க வைத்திருந்த காலம் அது. எளியோர் தம்முள் சங்கமாகச் சேர்ந்து தம்மைத் தாமே தாங்கிக் கொள்ள உரிமையுடையவர் என்ற அம்மடலின் போதனை, தெஜார்தேனின் எண்ணத்திற்கு உரமாயிற்று.

பத்து சென்டின் பெருமை

1900-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் மாலை, லெவி நகரத்தார் நூறு பேருக்கு மேல் கூடி, 'லெவி மக்கள் வங்கி'யை நிறுவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். வங்கி என்பதற்குரிய பெரிய சொல்லைத் தெஜார்தேன் எடுத்துக் கொள்ளவில்லை. பிரெஞ்சு மொழியில் பணப்பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்' என்னும் எளிய சொல்லையே தேர்ந்தெடுத்தார். மக்களின் பணப்பெட்டி! பெயரிலேயே அதன் கருத்து அடங்கியிருந்தது.

1901-ஆம் ஆண்டு ஜனவரி 23-ஆம் நாள் பெட்டி திறக்கப்பட்டது. முதன்முதலில் செலுத்தப்பட்ட தொகை 10 சென்ட். அன்றைய வசூல் மொத்தம் 26 டாலர் 40 சென்ட். பெரிய வங்கியின் குமாஸ்தா இத்தொகையைக் கண்டால் நகைத்திருப்பார். தெஜார்தேன் நகைக்கவில்லை, ஒவ்வொரு சென்டையும் பெயர் பெயராகக் கணக்கில் எழுதினார்.

இந்த வங்கியின் அமைப்பை நாம் சற்று நின்று கவனிப்பது நலம்.

பங்கு ஒன்றின் விலை 5 டாலர். அக்காலக் கூலிக்காரருக்கு அது பெருந்தொகை. ஆகவே வாரம் 10 சென்ட் வீதம் அதைச் செலுத்தலாம் என்று விதி செய்தார். ஓராண்டு முடிவதற்குள், சிறுகச் சிறுகச் செலுத்தியே ஒரு தொழிலாளி வங்கியின் உரிமையாளருள் ஒருவனாகிவிடுவான். கடன் வாங்குகிறவன் வெளியாள் அல்லன்; அவனும் உறுப்பினனே. ஒருவர் எத்தனைப் பங்கு வைத்திருந்தாலும் அவருக்கு வாக்கு ஒன்றே ஒன்றுதான். பணத்திற்கு வாக்கில்லை, மனிதனுக்கே வாக்கு.

கடன் கேட்பவரின் விண்ணப்பத்தை உறுப்பினரால் தேர்ந்தெடுக்கப்பட்ட குழுவொன்று ஆராயும். இக்குழுவினர் கடன் பெறலாகாது; ஊதியமும் பெறுவதில்லை. அவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு: இவர் நேர்மையானவரா? இக்கடன் இவர் குடும்பத்திற்கு நன்மை செய்யுமா? விதை வாங்க, தொழிற்கருவி வாங்க, குளிர்காலத்திற்கு வேண்டியதைச் சேர்த்து வைக்க, கொடு வட்டிக் கடனை அடைக்க எனக் கேட்டால் உதவி உண்டு. ஆடம்பரத்திற்கும் ஊதாரிச் செலவிற்கும் கேட்டால் இல்லை. கணக்குகளைச் சரிபார்க்கத் தனியாக மற்றொரு கண்காணிப்புக் குழு இருந்தது. மேலாளரே ஆனாலும் அவர் கணக்கு பிறர் கண்ணுக்குத் தப்பாது.

இவை யாவற்றிற்கும் அடிப்படையாய் அமைந்தது பங்கு என்னும் எல்லை. ஒரே கோயிலில் பூசை காண்பவர்கள், ஒரே தெருவில் வாழ்பவர்கள், ஒருவர் குணத்தை மற்றவர் அறிந்தவர்கள். நிலப்பத்திரமோ நகையோ இல்லாத ஏழையிடம் அடமானமாக வைக்க ஒன்றே உண்டு. அது அவனுடைய நற்பெயர். தொலைவிலுள்ள வங்கிக்கு அந்த அடமானத்தின் மதிப்புத் தெரியாது. அண்டை வீட்டாருக்குத் தெரியும். தெஜார்தேன் கண்டு கொண்ட இரகசியம் இதுவே. அத்துடன், ஊராரின் சேமிப்பு வெளியூருக்குச் சென்றுவிடாமல் ஊராருக்கே பயன்பட்டது.

இல்லத்தரசி ஏற்ற சிலுவை

தொடங்கிய வங்கியை நாள்தோறும் நடத்துவார் யார்? தெஜார்தேனோ நாடாளுமன்றக் கூட்டத்தொடரின்போது மாதக்கணக்கில் ஒட்டாவாவில் தங்க வேண்டியவர். குடும்பம் அவருடைய அந்த ஊதியத்தையே நம்பியிருந்தது. வங்கியிலிருந்து அவர் ஊதியம் பெறவில்லை. அவர் வெளியூரில் இருந்த காலங்களில் பொறுப்பு தொரிமேன் அம்மையாரின் தோள்மீது விழுந்தது.

லெவியிலுள்ள அவர்கள் இல்லத்திலேயே வங்கி வேலை நடந்தது. குழந்தைகளுக்கு உணவளித்த கைகளே ஊராரின் சேமிப்பை எண்ணி வாங்கின; கணக்கு எழுதின; கடன் தவணைகளைக் குறித்தன. மணமான பெண் தன் கணவனின் அனுமதியின்றி ஒப்பந்தம் எதுவும் செய்து கொள்ளச் சட்டம் இடந்தராத காலம் அது என்பதை நினைத்தால், அந்த அம்மையாரின் பணி எத்துணை அரியது என்பது விளங்கும். கணவரும் மனைவியும் கடிதங்கள் வாயிலாகவே வங்கியின் காரியங்களைக் கலந்து பேசிக் கொண்டனர்.

ஆனால் இதைவிடப் பெரிய சுமை ஒன்று அவர்களை அழுத்திற்று. இவ்வகைக் கூட்டுறவுச் சங்கத்திற்கு அங்கீகாரம் அளிக்கும் சட்டம் அன்று கனடாவிலும் இல்லை, கியூபெக்கிலும் இல்லை. வங்கி ஏதேனும் காரணத்தால் நொடித்துப் போனால், பணம் போட்டவர்களுக்கு அதன் பொறுப்பாளர்கள் தம் சொந்தச் சொத்திலிருந்து விடை சொல்ல நேரிடும். ஆண்டுகள் செல்லச் செல்ல மக்களின் நம்பிக்கை வளர்ந்தது. சேமிப்பும் பல்லாயிரம் டாலராக உயர்ந்தது. நம்பிக்கை உயர உயர ஆபத்தும் உயர்ந்தது. சேமித்தவர்கள் யார்? துறைமுகக் கூலிகள், தச்சர்கள், வேலைக்காரப் பெண்கள், கைம்பெண்கள். அவர்களுடைய பத்து சென்ட் தொலைந்தால் அதனுடன் அவர்களுடைய நம்பிக்கையும் தொலையும். தெஜார்தேன் குடும்பத்தின் வீடும் தொலையும்.

தொரிமேன் அம்மையார் அஞ்சினார். தம் குழந்தைகளின் கதி என்னாகுமோ என்று கவலைப்பட்டார். இந்த அச்சத்தை அவர் கணவரிடம் மறைக்கவுமில்லை. தாயாகிய ஒருத்தி அஞ்சியதில் வியப்பொன்றுமில்லை. அஞ்சிய பின்னும் கணக்குப் புத்தகத்தைக் கீழே வைத்துவிடவில்லை என்பதே நம்மை வணங்க வைக்கிறது. கியூபெக் பேராயர் பெகின் ஆண்டகையின் ஆதரவு அந்நாட்களில் அவர்களுக்குப் பெரும் ஊக்கமாக இருந்தது.

இறுதியில், 1906-ஆம் ஆண்டு மார்ச் திங்களில், கியூபெக் சட்டமன்றம் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தை நிறைவேற்றியது. பொறுப்பாளர்களின் சொந்தச் சொத்து இனி ஆபத்துக்கு உட்படாது. ஐந்தாண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தின் பாதுகாப்பின்றி, தம் பெயரையும் வீட்டையும் பணயமாக வைத்து ஊரின் சேமிப்பைக் காத்த அந்தத் தம்பதியர், அதன் பின்னரே நிம்மதியாக மூச்சு விட்டனர்.

ஒரே ஒரு வாக்கு

நாடு முழுவதற்கும் இத்தகைய சட்டம் வேண்டுமென்று தெஜார்தேன் விரும்பினார். 1907-இல் மக்களவைக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். எத்தனையோ ஆண்டுகள் பிறர் பேச்சை எழுதியவர், அன்று தாமே பேச, அதைப் பிறர் எழுதினர். தலைமை ஆளுநராயிருந்த கிரே பிரபுவும் அவருக்கு ஆதரவளித்தார். 1908-இல் மக்களவை அச்சட்டத்தை ஏற்றது. ஆனால் மேலவையாகிய செனட்டில், ஒரே ஒரு வாக்கு வேறுபாட்டில் அது தோற்றது. சில்லறை வணிகர் சங்கங்களின் எதிர்ப்பு அதற்கு முக்கிய காரணம்.

இத்தோல்வியினால் அவர் சோர்ந்து அமரவில்லை. நாட்டுச் சட்டம் கிடைக்காவிட்டால் என்ன? பங்குகள் இருக்கின்றன. மன்றம் கூடாத மாதங்களில் ஊர் ஊராகப் புறப்பட்டார். பங்குத்தந்தை மக்களைக் கூட்டுவார்; தெஜார்தேன் எளிய மொழியில் விளக்குவார்; பொறுப்பாளர் தேர்தல் நடக்கும்; கணக்கு எழுதும் முறையைக் கற்றுக் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வார். இப்படித் தம் வாழ்நாளில் அவர் நேரில் சென்று நிறுவியவை 150-க்கும் மேற்பட்டவை.

இப்பணியில் குருக்களின் தொண்டு மறக்க முடியாதது. லெவி கல்லூரியின் ஆசிரியரான அருட்தந்தை பிலிபேர் கிரோந்தேன், மக்கள் வங்கியைப் பற்றிக் கேள்வி-பதில் வடிவில் ஒரு 'ஞானோபதேசமே' எழுதி 1910-இல் வெளியிட்டார். பல ஊர்களில் பங்குத்தந்தையே கணக்கரானார். சிறுவர்களுக்குச் சேமிப்புப் பழக்கம் வரவேண்டுமென்று பள்ளிகளிலும் சேமிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. தெஜார்தேனின் தொண்டைப் பாராட்டி, 1913-இல் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் அவருக்குப் புனித கிரகோரியார் விருதை வழங்கினார்.

எல்லை கடந்த விதை

எல்லைக்கு அப்பால், அமெரிக்க ஐக்கிய நாட்டின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் மான்செஸ்டர் என்னும் ஆலை நகரம் உண்டு. அங்கே பிழைக்கச் சென்றிருந்த பிரெஞ்சுக் கனடியத் தொழிலாளருக்காக, புனித மரியாள் பங்கின் பங்குத்தந்தை எவே அடிகளார் அழைக்க, 1908 நவம்பரில் தெஜார்தேன் அங்குச் சென்று ஒரு மக்கள் வங்கியை நிறுவ உதவினார். அமெரிக்க நாட்டின் முதல் கடன் சங்கம் அதுவே.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. பாஸ்டன் நகர வணிகரான எட்வர்ட் ஃபைலீன் 1907-இல் இந்தியாவுக்கு வந்தபோது, வங்காளத்துச் சிற்றூர்களில் அப்போது தொடங்கப்பட்டிருந்த கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கண்டு வியந்தார். பாஸ்டனைத் தலைநகராகக் கொண்ட மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வங்கி ஆணையர் பியர் ஜே, தெஜார்தேனை அழைத்து ஆலோசனை கேட்டார். இவ்விருவர் முயற்சியாலும் 1909-இல் அங்குக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. வங்காளக் குடியானவனின் அனுபவமும் லெவி நகரத்தாரின் அனுபவமும் அங்கே கைகோத்தன.

நம் சென்னை மாகாணத்திலும் அதே வித்து முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. சர் ஃபிரடெரிக் நிக்கல்சன் 1895-லும் 1897-லும் அளித்த அறிக்கைகள், ரெய்ஃபைசனின் வழியையே நம் உழவர்களுக்கும் பரிந்துரைத்தன. 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டே திருவள்ளூரை அடுத்த திரூர் என்னும் சிற்றூரில் கூட்டுறவுச் சங்கம் பதிவாயிற்று. கடலுக்கு அப்பால் ஒரு சுருக்கெழுத்தாளர் படித்த பாடத்தை, அதே ஆண்டுகளில் நம் மண்ணும் படித்துக் கொண்டிருந்தது.

விளக்கு அணையவில்லை

வாழ்நாளின் இறுதி ஆண்டுகளில் சிறுநீரகக் கோளாறு தெஜார்தேனை வீட்டோடு கட்டிப் போட்டது. கால்கள் ஓய்ந்தன; பேனா ஓயவில்லை. ஐயம் கேட்டு எழுதிய பங்குகளுக்கெல்லாம் விடை எழுதினார். தனித்தனியே நிற்கும் சங்கங்களை ஒரு கூட்டமைப்பில் இணைத்து, அவற்றை முறையாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பம். அதைக் காணாமலே, 1920-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் நாள், தாம் பிறந்த லெவி நகரிலேயே இறைவனடி சேர்ந்தார்.

அவருக்குப் பின் தொரிமேன் அம்மையாரின் ஆலோசனையை இயக்கத்தின் தலைவர்கள் நாடினர். நிறுவனரின் கருத்து எதுவென்பதை அவரன்றி வேறு எவர் அறிவார்? 1932-இல் மாநிலக் கூட்டமைப்பு உருவாயிற்று. அதே ஆண்டு ஜூன் திங்களில் அம்மையாரும் கண்மூடினார்.

பிற்காலத்தில் கியூபெக்கின் ஊர்தோறும் பரவி ஆயிரத்துக்கும் மேலாகப் பெருகிய இச்சங்கங்கள் பல, பின்னர் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. பங்கின் எல்லைக்குள் நின்ற பழைய அமைப்பு இன்று பெரிதும் மாறிவிட்டது. எனினும் அவர் பெயரைத் தாங்கிய நிறுவனம் 70 இலட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினரையும் வாடிக்கையாளரையும் கொண்ட, வட அமெரிக்காவின் மிகப் பெரிய கூட்டுறவு நிதி நிறுவனமாக விளங்குகிறது. அதன் தலைமையகம் இன்றும் லெவி நகரிலேயே இருக்கிறது. அந்தப் பழைய வீடும் வருவோர் காணும் நினைவில்லமாக நிற்கிறது.

நமக்குரிய பாடம்

அன்பார்ந்த வாசகர்களே! ஒரு நகருக்குத் தலைமை தாங்க நகரசபை நாற்காலி தேவையில்லை என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. ஊரின் துன்பத்தைக் கண்டு, அதற்கு மருந்து எதுவென்று பொறுமையோடு படித்து, முதல் பொறுப்பைத் தன் தலைமேல் ஏற்பவனே தலைவன்.

மற்றுமொன்றையும் நாம் கருத வேண்டும். நம்பிக்கை வேறு, கண்மூடித்தனம் வேறு. தெஜார்தேன் அண்டை வீட்டாரை நம்பினார். ஆயினும் தம்முடைய கணக்கையே பிறர் சரிபார்க்க விதி செய்தார். அதிக வட்டி என்று ஆசை காட்டுவோரிடம், கணக்கும் கேளாமல், பதிவும் பாராமல், மகளின் திருமணத்திற்கென்று சேர்த்ததைக் கொடுத்துவிட்டு வாசலில் நின்று அழும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. சங்கம் எதுவாயினும், அதன் கணக்கை யார் தணிக்கை செய்கிறார், கடனை யார் முடிவு செய்கிறார், எனக்கு வாக்கு உண்டா என்று கேட்பது அவநம்பிக்கை ஆகாது. அது நம் உழைப்பிற்கு நாம் செய்யும் மரியாதை.

சங்கத்தில் பொறுப்பேற்போருக்கும் இந்த வரலாற்றில் ஒரு சொல் உண்டு. மேசைமீது வைக்கப்படும் பத்து ரூபாய்க்குப் பின்னே ஒரு தாயின் பசியும் ஒரு தந்தையின் வியர்வையும் இருக்கின்றன. தொரிமேன் அம்மையார் ஐந்து குளிர்காலங்கள் அஞ்சி அஞ்சிக் காத்தது அதைத்தான். பிறர் பணத்தைக் கையில் வைத்திருப்போர்க்கு அந்த அச்சம் இருப்பது நல்லது.